ஏழு கிலோ எங்கே போனது?

"ரெண்டு பேரும் ஒரே ஊட்டுலயா சாப்பிடுற?"

கேட்டது பரீதா. திகனவிலிருந்து மாதம் ஒருமுறை துணி மூட்டையோடு என் வீட்டுக்கு வருகிறவள். பல வருடப் பழக்கம். சேலை விற்க வருகிறாளா, பிளேன்டீ குடித்து ஊர்க்கதை பேச வருகிறாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இந்த ஆடி பிறந்த வாரம் வந்தவள், வழக்கம்போல் கதிரையில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தாள். ஒரு சேலையை எடுத்து என் தோளில் போட்டுப் பார்த்தாள். இன்னொன்றை என் மருமகள் நிரோஷாவின் தோளில் போட்டாள். என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். பிறகுதான் அந்தக் கேள்வி.

இந்தப் பத்தியின் மேலே வாராவாரம் வருகிற என் படம் கழுத்தோடு நின்றுவிடுகிறது. ஆசிரியர் நல்ல மனுஷன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்... கொஞ்சம் தாராளமாகவே ஊகிக்கலாம். பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் பெருமூச்சு விடுவார். அப்படிப்பட்ட உடம்பு.

நிரோஷா? தை மாதம் கல்யாணமாகி வந்தபோது பூசினாற்போல் இருந்தாள். ஆடிக்குள் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, கல்யாண பிளவுஸ் தோளிலிருந்து நழுவுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். குண்டு மாமியார், ஒல்லி மருமகள். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா, விசாரணை வேண்டுமா? பார்த்தவுடன் தீர்ப்பு எழுதிவிடலாம். பரீதா எழுதியேவிட்டாள்.

உண்மை என்ன தெரியுமா? அந்தப் பெண் என்னைவிட அதிகம் சாப்பிடுவாள். தேங்காய் ரொட்டி சுட்டால் நான் கல்லடியில் நிற்க நிற்க சம்பலோடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அவள் வேலை பார்ப்பது ஹந்தானை மலை மேலே, ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில். பஸ் பாதி தூரம்தான். மிச்சத்தை நடந்து ஏற வேண்டும். கையில் குடை, தோளில் அப்பியாசக் கொப்பிகள், ஏற்றம் ஏற்றமாகத் தேயிலைக்குள் பாதை. தை முதல் ஆடி வரை தினமும் மலை ஏறி இறங்குகிறவள் மெலியாமல் என்ன செய்வாள்?

இதையெல்லாம் ஒரு பலகையில் எழுதி அவள் கழுத்தில் மாட்டியா அனுப்ப முடியும்?

எனக்கு ஒரு சந்தேகம். 'மெலிஞ்சிட்டே' என்பதை நம் ஆட்கள் உடம்பைப் பார்த்துத்தான் சொல்கிறார்களா? குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வருகிற பெண் மெலிந்திருந்தால், அங்கே வீட்டுக்காரி சரியில்லை என்று பொருள். பேராதனை கெம்பஸில் படிக்கிற பையன் மெலிந்திருந்தால் ஹொஸ்டல் சோறு சரியில்லை. ஐம்பது வயதுக்காரர் மெலிந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு "சுகரா?" என்கிறோம். கல்யாணமான ஆண் மெலிந்தால் பெண்டாட்டிக்குச் சமைக்கத் தெரியவில்லை. கல்யாணமான பெண் மெலிந்தால்... சொல்லவும் வேண்டுமா? மெலிகிறவர் ஒருத்தர், வழக்கு விழுவது இன்னொருத்தர் மேல்.

இதே சொல்லை என் சுகர் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். அங்கே இருப்பவர் யாழ்ப்பாணத்து டொக்டர். மாதாமாதம் என்னைத் தராசில் ஏற்றிவிட்டு, தராசைப் பார்க்காமல் என் முகத்தையே பார்ப்பார். "நீங்கள் கட்டாயம் மெலிய வேணும் அம்மா. ஓம், நான் பகிடிக்குச் சொல்லேல்லை" என்பார். அங்கே மெலிவு என்றால் வரம். அந்த வரம்தான் எனக்குக் கிடைக்காமல், கேட்காத மருமகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன்.

ஆடி மாதம் புதுப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து முறை. நிரோஷாவின் தாய் வீடு புசல்லாவையில், ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. ஆடி பிறந்தும் பள்ளிக்கூடம் மூடவில்லை. ஓகஸ்ட் லீவு விட்டதும் போகட்டும், பத்து நாள் இருந்துவிட்டு கண்டிப் பெரஹரா ஊர்வலம் பார்க்கத் திரும்பி வரட்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

பரீதா வந்து போன பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்தக் கோலத்தில் இவளைப் பார்த்தால் சம்பந்தியம்மா என்ன நினைப்பார்? பாக்கியம் என்று பெயர். நல்ல மனுஷி, ஆனால் ஒரே மகள். அந்தத் தோட்டத்தில் ஒரு லயத்து வீட்டில் தும்மினால் அடுத்த மலையில் கஷாயம் வைப்பார்கள். 'கண்டிக்காரி வீட்டில் கணக்கப்பிள்ளை மகள் பட்டினி' என்று பேர் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்?

பதறிப் போய் நான் செய்த காரியங்களைக் கேளுங்கள். முதலில் முட்டைக்கோப்பி. காலையில் அடித்துக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, மலை ஏறிப் போய் கரைத்துவிட்டு வந்தாள். பிறகு உளுத்தங்களி. அதுவும் மலையோடு போயிற்று. கடைசியில் அவளுடைய பிளவுஸ்களை எல்லாம் எடுத்துக்கொண்டு தையற்காரரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுங்கள் என்றேன். உடுப்பு தொளதொளக்காமல் இருந்தால் உடம்பு தெரியாது இல்லையா? அதுதான் என் யோசனை.

நிரோஷா சிரித்தாள். "எங்கம்மா பிளவுஸப் பார்க்க மாட்டாங்க அத்த. கையப் புடிச்சுத்தான் பார்ப்பாங்க."

லீவு விட்டது. சம்பந்தி வந்து அழைத்துப் போவதுதான் முறை. மழை விட்டு விட்டுப் பெய்து தேயிலைக் கொழுந்து குவிகிற நேரம், கணக்கப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. என் மகனே அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினான். அவன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த விதத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

நடந்தது இது. ரோட்டிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில்தான் கொழுந்து மடுவம். கொழுந்து எடுத்த பெண்கள் மூட்டையோடு வந்து நிறுத்துக் கொடுக்கிற கொட்டகை. இவர்கள் போன நேரம் அந்தி நிறுவை. கணக்கப்பிள்ளை தராசடியில் நிற்கிறார். மழை ஊற்றுகிறது. மகளை வரவேற்க பாக்கியமும் அங்கேயே வந்து நிற்கிறார். மகளின் கையைப் பிடித்தார். மணிக்கட்டைச் சுற்றி விரலை வளைத்துப் பார்த்தார். பிறகு அவளை இழுத்துக்கொண்டு போய், மூட்டை வைத்து நிறுக்கிற பலகைத் தராசில் ஏற்றி நிறுத்திவிட்டார்.

"என்னான்னு பாருங்க" என்றாராம் கணவரிடம்.

கணக்கப்பிள்ளை பார்த்தார். சொன்னார். அவருக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது. மழைச் சத்தத்துக்கு மேலே கிலோ சொல்லிப் பழகிய தொண்டை. கல்யாணத்துக்கு முந்திய வாரம் காய்ச்சல் என்று கம்பளை டிஸ்பென்சரிக்குப் போனபோது எடுத்த நிறை பாக்கியத்துக்கு மனப்பாடம். அங்கேயே கழித்துப் பார்த்தார்.

ஏழு கிலோ குறைவு.

கொழுந்து நிறுக்க நின்ற அத்தனை பெண்களும் கேட்டிருக்கிறார்கள். அதாவது, தோட்டம் முழுவதும் கேட்டாயிற்று. மகன் சொல்லி முடித்ததும் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலை ஏறி மெலிந்தால் இரண்டு கிலோ, மூன்று கிலோ. ஏழு கிலோ என்றால்? நான் பார்த்துப் பார்த்துப் போட்ட சோறெல்லாம் எங்கே போனது? எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பத்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பழி விழுந்த வருத்தம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம்... வீடு வெறிச்சென்று இருந்தது, அதுதான் உண்மை. சாயங்காலம் என் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து அவள் பிள்ளைகளின் கொப்பி திருத்துவாள். இந்தப் பக்கம் நான் இந்தப் பத்தியை எழுதுவேன். முதல் வாசகி அவள்தான். "இத்தனை புள்ளி எதுக்கு அத்த?" என்று பாதியை வெட்டிவிடுவாள். அந்த நாட்களில் வந்த பத்திகளை வெட்ட ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பத்து நாள் முடிகிற நேரம் பாக்கியம் போன் எடுத்துப் பேசினார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஆடி முடிந்தாலும் பிள்ளை கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டுமாம். உடம்பு தேறட்டுமாம். தேறாமல் எப்படி அனுப்புவது என்று கேட்டார்.

எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

ஆடிக்குப் போன பெண் ஆவணி பிறந்தும் திரும்பி வராவிட்டால் ஊர் என்ன சொல்லும்? ஊர் கிடக்கட்டும். அவள் மனதில் என்ன இருக்கிறது? அம்மா கையைப் பிடித்துக்கொண்டு 'இங்கேயே இரும்மா' என்றால் எந்த மகளுக்குத்தான் மனம் இளகாது? சனிக்கிழமை காலையிலேயே எள்ளுருண்டை, அதிரசம், மாசிச் சம்பல் என்று ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு குட்ஷெட் பஸ் நிலையத்தில் நுவரெலியா பஸ் ஏறிவிட்டேன். பெரஹராவுக்கு ஊரே கண்டிக்கு வந்துகொண்டிருந்தது. நான் மட்டும் எதிர்த்திசையில் போனேன்.

புசல்லாவை தாண்டி இறங்கி, குடையும் பையுமாகச் சறுக்கிச் சறுக்கிப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. "வாங்க சம்பந்தியம்மா, நனைஞ்சிட்டீங்களே" என்று பாக்கியம் துவாய் கொண்டுவந்து கொடுத்தார். அலுமாரியிலிருந்து பூப்போட்ட நல்ல கோப்பையை எடுத்து அதில் தேத்தண்ணி தந்தார். உறவு சுமுகமாக இருக்கிறபோது அந்த வீட்டில் எனக்கு எப்போதும் எவர்சில்வர் டம்ளர்தான். பூக்கோப்பையைப் பார்த்ததும் நிலைமை விளங்கிவிட்டது.

நிரோஷா உள்ளிருந்து ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் கை தானாக அவள் முதுகைத் தடவிப் பார்த்தது. எலும்பு எவ்வளவு தட்டுப்படுகிறது என்றுதான், வேறென்ன? பாக்கியத்தின் கண் என் கை மேலேயே இருந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. அவள் இரண்டு தட்டு சாப்பிடுகிறாள், மலை ஏறுகிறாள், அதனால்தான் மெலிந்தாள் என்று சொன்னேன். பாக்கியம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். பிறகு, ஏழு கிலோவா சம்பந்தியம்மா, என்றார்.

நானே ஒரு வழி சொன்னேன். பத்து நாள் உங்கள் கைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறாள். இன்னொரு முறை நிறுத்துப் பாருங்கள், ஏறியிருந்தால் தப்பு என் மேல், ஏறாவிட்டால் மலை மேல் என்றேன். இதைவிட நியாயமாக யார் பேச முடியும்?

அந்தி நிறுவைக்கு மூன்று பேரும் மடுவத்துக்குப் போனோம். சின்னத் தூறல். பெண்கள் வரிசையில் மூட்டையோடு நின்றார்கள். கண்டிச் சம்பந்தியம்மா தராசடிக்கு வந்தால் வேடிக்கை பார்க்காமல் இருப்பார்களா? மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர்களில் முத்துலெட்சுமி என்று ஒருத்தி, வாயாடி, நிரோஷாவைத் தூக்கி வளர்த்தவளாம். எனக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டாள்.

நிரோஷா ஏறினாள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து உரக்கச் சொன்னார். போன முறை சொன்ன அதே எண்.

ஏறவில்லை! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பாக்கியத்தின் முகம் சுருங்கிப் போயிற்று. பத்து நாளாக அவர் அடித்துக் கொடுத்த முட்டைக்கோப்பிகளும் காணாமல் போய்விட்டன அல்லவா?

அப்போதுதான் முத்துலெட்சுமி வாயைத் திறந்தாள். "அய்யா, சம்பந்தியம்மாவையும் ஒருக்கா ஏத்திப் பாருங்களேன்."

எல்லாரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் மறுத்திருக்கலாம். ஆனால் ஜெயித்த களிப்பு ஒன்று இருக்கிறதே, அது ஆளை எந்தத் தராசிலும் ஏற்றிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பலகை முனகியது. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். மலைக்கு மலை கேட்கிற மாதிரி என் நிறையைச் சொன்னார்.

அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். அந்தத் தோட்டத்துக்குப் போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள்.

ஆனால் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வானத்தில் பறந்தேன். கிளினிக்கில் முந்திய வாரம் எடுத்த நிறைக்கு நான்கு கிலோ குறைவு! ஒரே வாரத்தில் நான்கு கிலோ. டொக்டர் இத்தனை காலமாகச் சொல்லி நடக்காததை மருமகளின் பிரிவு நடத்திக் காட்டிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தராசில் நின்றபடியே பாக்கியத்திடம் சொன்னேன் — உங்கள் மகளைப் பிரிந்த கவலையில் பாருங்கள், நானும் மெலிந்துவிட்டேன், இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று.

கணக்கப்பிள்ளை இன்னொரு முறை குனிந்தார். முள்ளைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அது வந்து... சம்பந்தியம்மா" என்றார். நான் அறிந்து அவர் மெதுவாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு மூணு. கழிச்சுச் சொல்லிட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. நிரோஷாதான் விளக்கினாள். மழைக் காலத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் நிறையையும் இலையில் இருக்கிற தண்ணீரின் நிறையையும் கழித்துவிட்டுத்தான் கணக்கில் சேர்ப்பார்களாம். தராசடியில் நிற்கிற மனுஷனுக்கு அது மூச்சு விடுகிற மாதிரிப் பழகிப்போய்விட்டது. கண் முள்ளைப் பார்க்கும், வாய் கழித்துச் சொல்லும். தராசில் இருப்பது மூட்டையா மகளா என்று அந்த வாய் பார்ப்பதில்லை. அன்றைக்கு மகள் வேறு மழையில் நனைந்து வந்து ஏறியிருக்கிறாள்.



பிறகு முத்துலெட்சுமி சொன்னாள். "எங்க கொழுந்துல கழிச்சது போதாதுன்னு பெத்த மகள்லயும் கழிச்சிட்டீங்களா அய்யா?"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. மூட்டை மேல் சாய்ந்து சிரித்தார்கள், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மழை நாளெல்லாம் கழிவு கொடுத்தவர்கள். அவர்களுக்கு இல்லாத உரிமையா? 'ஈரம் கழிக்காம எங்களையும் ஒரு நாளைக்கு நிறுத்துப் பாருங்கய்யா' என்று பின்னால் ஒருத்தி குரல் கொடுத்தாள். கணக்கப்பிள்ளையும் சிரித்தார், ஆனால் காது சிவந்து போயிற்று. அன்றைய நிறுவையில் அவர் ஈரத்துக்குக் கழித்தது ஒரு கிலோதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் தராசை விட்டு இறங்கினேன். வானத்திலிருந்தும்தான். என் நான்கு கிலோ பத்திரமாக என்னிடமே இருந்தது.

"அப்போ மூணு கிலோதானே. அது மலையில போனதுதான்" என்றேன் நான்.

நிரோஷா தலையாட்டினாள். "அதுவும் இல்ல அத்த. அது அம்மாவோட உளுந்து." பாக்கியம் அவளை முறைத்தார். அவள் நிறுத்தவில்லை. மணவறையில் பெண் நிறைந்து தெரிய வேண்டும் என்று நிச்சயம் ஆன நாள் முதல் உளுந்தும் பாலும் முட்டையுமாகத் திணித்திருக்கிறார்கள். தையில் நான் பார்த்து மயங்கிய பூசினாற்போன்ற உடம்பு, கல்யாணத்துக்கென்று போட்ட உடம்பாம்! "அம்மா ஏத்தினது மூணு, அப்பா கழிச்சது நாலு. என்னோடது ஒண்ணும் குறையல. நான் சின்ன வயசிலேருந்து இப்படித்தான் அத்த" என்றாள்.

சின்ன வயதில் அவளைத் 'தேயிலைக் குச்சி' என்றுதான் கூப்பிடுவோம் என்று முத்துலெட்சுமி சத்தியம் செய்தாள்.

வழக்கு தள்ளுபடி. நான் நிரபராதி. அந்தி வெளிச்சத்தில் வீட்டுக்கு நடந்தபோது என் நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நாளைக்கே அவளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம், பெரஹராவின் கடைசி ராத்திரிக்கு அவளுக்கு நல்ல இடமாகப் பிடித்து உட்கார வைக்கலாம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

குசினியில் பாக்கியம் அடுப்படியில் நின்றார். நான் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மடுவத்தில் எல்லாரும் சிரித்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோபமா என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல சம்பந்தியம்மா." ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "எம் புள்ள ஒடம்பு எனக்குத் தெரியாதா? உளுந்து வச்சவ நான்தானே. ஏழு கிலோன்னு அவரு சொன்னதும், நெசத்தச் சொல்லணும்னா, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்திச்சு."

நான் பலகையை அடுப்புக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டேன்.

"மெலிஞ்சிட்டான்னு சொன்னா நாலு நாள் கூட வச்சிருக்கலாம். எனக்கு மகளத் தேடுது, பாக்காம இருக்க முடியல, விட்டுட்டுப் போங்கன்னு கேட்டா யாரு விடுவாங்க?"

நான் மட்டும் என்ன? காலையில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு சறுக்கிச் சறுக்கி எதற்கு வந்தேன்? என் பேரைக் காப்பாற்றவா? அவர் பாஷையில் அவரும் என் பாஷையில் நானும் ஒரே விஷயத்தைத்தான் ஒரு பெண்ணின் எலும்பின் மேல் பழி போட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். 'உன்னைத் தேடுது' என்று நேராகச் சொல்ல நமக்கு வாய் வராது. கூச்சம். அதனால் 'மெலிஞ்சிட்டே' என்கிறோம். குவைத்திலிருந்து வந்தவளிடமும், கெம்பஸிலிருந்து வந்தவனிடமும் பாதி நேரம் இதைத்தான் சொல்கிறோம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் அவள் இங்கேயே இருக்கட்டும் என்றேன். சொல்லும்போது மனம் வலித்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பாக்கியம் திரும்பிப் பார்த்தார். உடம்பு தேறவா என்று கேட்டார். இல்லை, உங்களுக்கு ஆசை தீர என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், கொஞ்சம் அழவும் செய்தோம். புகை என்று சொல்லிக்கொண்டோம்.

மறுநாள் காலை தேத்தண்ணி எவர்சில்வர் டம்ளரில் வந்தது.

நான் தனியாகத்தான் கண்டிக்குத் திரும்பினேன். பெரஹராவை டீவியில் பார்த்தேன். அந்த வாரம் பரீதா வந்து, மருமகள் எங்கே என்று புருவத்தைத் தூக்கினாள். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்து, மூட்டையிலிருந்து ஒரு சேலையை எடுத்து நிரோஷாவுக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் போய் அவளை அழைத்து வந்தான். ஓட்டோ சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினேன். இறங்கினாள். ஒரு கையில் பாக்கியம் கொடுத்த கூடை, மறு கையில் குடை. மூன்று வாரத் தாய் வீட்டுச் சாப்பாட்டில் கன்னம் இரண்டும் பேக்கரிப் பணிஸ் மாதிரி உப்பிக் கிடந்தது. நான் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்து வைத்த பிளவுஸில் பக்கத் தையல் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது.

அவள் கையைப் பிடித்தேன். மணிக்கட்டைச் சுற்றி விரலை வளைத்துப் பார்த்தேன். விரல் எட்டவில்லை.

"என்னம்மா, இப்படி மெலிஞ்சு போயிட்டே?" என்றேன்.

"உங்களையும் தேடிச்சு அத்த" என்றாள்.